இரண்டு வீடு தாங்கும் பூட்டு

கொசுவின் சைக்கிள் திருடு போன அன்று வீட்டில் ஆளுக்கொரு விதமாகத் துக்கம் அனுசரித்தார்கள். அண்ணன் திருடனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினான். கொசு சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி மட்டும் யாரையும் திட்டவில்லை. திருடன் வேண்டாமென்று விட்டுப் போயிருந்த அறுந்த பூட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எங்க வாங்கின?"

"பஸ் ஸ்டாண்ட் வாசல்ல அண்ணி. சீப்பு, கண்ணாடியெல்லாம் விக்கிறாரே, அவர்கிட்ட."

"அதான் சீப்பாக் கொடுத்திருக்கார்," என்றாள் அண்ணி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

கொசு என்பது அண்ணன் வைத்த பெயர். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. வேறு எந்தப் பெயர் பொருந்தும்? நோயாளிகள் காதுக்கும் அது எப்படியோ எட்டி, "கொசு வந்தாச்சு, கையை நீட்டுங்க" என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. கடித்தது தெரியாத கொசு என்று அவளுக்கு நல்ல பெயர். குழந்தைகளே அழ மறந்துவிடுவார்கள்.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. சைக்கிள் போன பிறகு பஸ்ஸையும் காலையும் நம்பிப் போனதில், வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் பொறுமை இழந்து காபி குடித்துவிட்டார்கள். எடுத்த ரத்தமும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மேனேஜர் கோபக்காரர் அல்ல, அதனால்தான் அவர் சொன்னது உறைத்தது. "உங்க கை மாதிரி கை எனக்குக் கிடைக்காதும்மா. ஆனா ரத்தம் நேரத்துக்கு வரணுமே. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, பைக் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்தத் தெருவெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும்."

வேலையை விட்டு ஓய்ந்த வாட்ச்மேன் ஒருவர் தன் பழைய சைக்கிளைக் கொசுவுக்குக் கொடுத்தார். பிரேக் நன்றாக இருந்தது, பெல் அடித்தது. இதுவும் போனால் மூன்றாவது என்று ஒன்று கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். மறுநாளே எங்கிருந்தோ ஒரு சங்கிலியும் தேங்காய் அளவு பூட்டும் கொண்டுவந்து கூடத்தில் தொப்பென்று போட்டான். தரை அதிர்ந்தது.

"எவன் வந்தாலும் அசைக்க முடியாது," என்றான் பெருமையாக.

"உன் தங்கச்சியாலயும் முடியாது," என்றாள் அண்ணி. "காலையில எத்தனை வீடு ஏறி இறங்குறா? ஒவ்வொரு வாசல்லயும் இதை எடுத்துச் சுத்தி, பூட்டி, அவிழ்த்து... மூணாவது வீட்டுலயே, ஒரு நிமிஷந்தானேன்னு பூட்டாம போயிடுவா. அந்த ஒரு நிமிஷத்துலதான் அவன் வருவான்."

கொசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன சைக்கிளை அப்படி எத்தனையோ முறை பூட்டாமல் விட்டுப் போயிருக்கிறாள். அதை அண்ணியிடம் அவள் சொன்னதே இல்லை.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் ஒரு பெரிய மாணவர் விடுதியில் சரக்கறைப் பொறுப்பாளர். அரிசியிலிருந்து விளக்குமாறு வரை அவள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே வரும். மூட்டையின் மேல்வரிசையில் நல்லதை அடுக்கி ஏமாற்றுகிற வியாபாரிகள் எல்லாம் அவளிடம் மூட்டையைத் தலைகீழாகவே கொண்டுவந்து நிறுத்துவார்களாம், எப்படியும் கவிழ்க்கத்தானே போகிறாள் என்று. கொசு அவளுக்கு 'ஆடிட்டர்' என்று பெயர் வைத்திருந்தாள். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவாள். அண்ணி அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். அவளோடு கடைக்குப் போக மட்டும் வீட்டில் ஒருவரும் தயாரில்லை. ஒரு வாளி வாங்கக்கூட அரை நாள் ஆகும், அதில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் நகர மாட்டாள்.

விடுமுறை நாளன்று அண்ணி கொசுவோடு கிளம்பினாள். கடைக்கு அல்ல. கொசு காலையில் போகிற தெருக்களுக்கு.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "சைக்கிளை எங்க நிறுத்துவ?" என்று கேட்டாள். இரும்புக் கேட், விளக்குக் கம்பம், படிக்கட்டுக் கைப்பிடி என்று கொசு காட்டக் காட்ட, பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து, சைக்கிள் சட்டத்தையும் அந்தக் கம்பியையும் சேர்த்துச் சுற்றி அளந்து, அளவுக்கு நூலில் ஒரு முடிச்சுப் போட்டாள். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. கொசுவுக்கு மானம் போயிற்று.

"அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நாளைக்குத் திருடன் வந்தாலும் இப்படிப் பாத்தாங்கன்னா நல்லதுதானே."

பாதித் தெருவில் அண்ணி திடீரென்று நின்றாள். "ஒரு வீட்டுல ரத்தம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?"

"நரம்பைப் பொறுத்தது அண்ணி. நல்ல நரம்புன்னா ஏறி இறங்குற நேரந்தான். சில பேர் கதை பேசுவாங்க. சில பேருக்கு மயக்கம் வரும்."

"ராத்திரியில சைக்கிள் எங்க இருக்கும்?"

"நம்ம வீட்டுக்குள்ள. உங்க தையல் மிஷினுக்குப் பக்கத்துல."

"அப்போ விடிய விடியத் தாங்குற பூட்டு நமக்கு எதுக்கு?" அண்ணியின் முகம் மலர்ந்தது, புளித்த மாவை நல்ல மாவென்று தள்ளப் பார்த்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தாற்போல. "ஒரு வீட்டு நேரம் தாங்கினாப் போதும். இழுக்கிற வீடும் இருக்கு, அதனால ரெண்டு வீட்டு நேரம்னு வெச்சுக்குவோம்."

பூட்டு வாங்கப் போகிறவர்கள் எல்லாம் எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். எத்தனை வீடு தாங்கும் என்று கணக்குப் போட்ட ஆள் உலகத்திலேயே அண்ணி ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று கொசுவுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் ஆடிட்டருக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பூட்டு சாவிக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சுவர் தெரியாமல் சாவிகள் தொங்கின. கடைக்காரர் ராவிக்கொண்டிருந்த சாவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்னம்மா வேணும்?" என்றார்.

"ரெண்டு வீடு தாங்குற பூட்டு."

அவர் எழுந்து, இரண்டு கதவுப் பூட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "முன்வாசலுக்கு ஒண்ணு, பின்வாசலுக்கு ஒண்ணா? இல்ல, ரெண்டு வீடும் தனித்தனியா?"

கொசு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். அண்ணி பொறுமையாக விளக்கினாள். கேட்டு முடித்ததும் கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பளபளவென்ற அட்டைப்பெட்டி ஒன்றை நகர்த்தி, "இதுதான் இருக்கிறதுலயே பெருசு, ஒசத்தி," என்றார்.

அண்ணி பெட்டியைத் தொடக்கூட இல்லை. "சாவியைத் தொலைச்சுட்டு வர்றவங்களுக்குப் பூட்டை வெட்டித் தர்றது நீங்கதானே?"

"ஆமா."

"எந்தப் பூட்டை வெட்டும்போது உங்களுக்கு எரிச்சல் வரும்?"

கடைக்காரர் நகர்த்திய பெட்டியைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய ரகசியத்தைக் கேட்டு வாங்கிவிட்டாளே என்கிற சிரிப்பு. "கேபிள் பூட்டெல்லாம் நகம் வெட்டுற மாதிரி. நம்பர் பூட்டு சில ரகம் காதை வெச்சுக் கேட்டாலே திறந்துடும். இந்தப் பெட்டியில இருக்கிறது இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனா பாதி விலை பெட்டிக்கு." குனிந்து, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து தூசி படிந்த ஒரு கறுப்புப் பூட்டை எடுத்தார். லாடம் போல வளைந்த கம்பி, இரண்டு முனையும் ஒரு குறுக்குக் கட்டையில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். "இது ஒண்ணுதான் என்னை அழ வெச்சுது. ரெண்டு பிளேடு போச்சு. பாக்க லட்சணமா இல்லைன்னு ஒருத்தரும் வாங்குறதில்ல."

"மிஷின் வெச்சு அறுத்தா?"

"மிஷின் வெச்சா என் கடை ஷட்டரே தாங்காதும்மா. ஆனா பட்டப்பகல்ல தெருவுல மிஷின் போட்டா ஊரே எட்டிப் பாக்குமே. ரம்பந்தான் கொண்டு வருவான். ரம்பத்துக்கு இது ரெண்டு வீடு தாராளமாத் தாங்கும்." அவரும் வீட்டுக் கணக்குக்கு மாறிவிட்டிருந்தார்.

அண்ணி நூலை எடுத்து வளைவின் உள்ளே வைத்துப் பார்த்தாள். கடைசி முடிச்சு வரைக்கும் சரியாக இருந்தது. பிறகு கொசுவின் ஒரு கையில், கூடவே கொண்டுவரச் சொல்லியிருந்த ரத்தப் பெட்டியைக் கொடுத்து, இன்னொரு கையால் மட்டும் பூட்டித் திறக்கச் சொன்னாள். கொசு கடைவாசல் கைப்பிடியில் பூட்டினாள், திறந்தாள், மறுபடியும் பூட்டினாள். கை பழகிவிட்டது. அதன் பிறகு பேரம் நடந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. கடைசியில் கடைக்காரர் ஒரு உபரிச் சாவியும் எண்ணெயும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, எப்படிக் கொடுத்தோம் என்று தெரியாமல் நின்றார்.

"சும்மா சொல்லக் கூடாது ஆடிட்டர்," என்றாள் கொசு, வழியில்.

"சும்மா சொல்லாதே. தினமும் பூட்டு."

தினமும் பூட்டினாள். ஒரு வாசல் விடாமல் பூட்டினாள். ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் பைக்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கொசு ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளில் டீச்சரம்மா வீடு ஒன்று, முதல் மாடியில் இருந்தது. புவியியல் டீச்சர். மார்பில் ஒரு பக்கம் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அந்தப் பக்கத்துக் கையில் குத்தக் கூடாது. இன்னொரு கையில் மருந்து ஏறி ஏறி நரம்புகளெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டிருந்தன. ரத்தத்தில் அணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் மறுநாள் மருந்து ஏற்றுவார்கள். போன முறை ஆஸ்பத்திரியில் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து தள்ளிப் போயிற்று. "இந்தத் தடவை கொசுவை அனுப்புங்க, இல்லாட்டி வேண்டாம்" என்று டீச்சரம்மாவே போன் செய்து சொல்லியிருந்தார்.

அன்று காலை மகன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் வேறு யாருமில்லை. ஜன்னலோர நாற்காலியில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். கொசு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கையில் சுற்றினாள். கையைத் தொங்கவிடச் சொன்னாள். விரலால் தடவித் தடவித் தேடினாள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒன்று அகப்பட்டது, தையல் நூல் கனம். மூச்சைப் பிடித்து, மிகச் சிறிய ஊசியை உள்ளே விட்டாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. மெதுவாக, மிக மெதுவாகக் குழாய்க்குள் இறங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. கர்ர், கர்ர் என்று, இரும்பை இரும்பு தின்கிற சத்தம்.

டீச்சரம்மா தலையை மட்டும் திருப்பி எட்டிப் பார்த்தார். "யாரோ ஒருத்தன் உன் சைக்கிள் பக்கத்துல குந்தியிருக்கான்மா. கையில ரம்பம்."

பைக் வைத்திருப்பவர்களும், மேனேஜரின் தணிந்த குரலும் கொசுவின் நினைவில் வந்து போயின. கை மட்டும் அசையவில்லை.

"போய்ப் பாரு. ஓடு. நான் இப்படியே அசையாம இருக்கேன்."

"நீங்க இருப்பீங்க டீச்சர். உங்க நரம்பு இருக்காது."

"நான் கத்தட்டுமா?"

"வேண்டாம். கத்தினா வயிறு குலுங்கும். வயிறு குலுங்கினா கை குலுங்கும்." அதே காரணத்துக்காக அவளும் கத்தவில்லை. இதை விட்டால் இந்தக் கையில் வேறு நரம்பு கிடையாது என்று அவள் விரல்களுக்குத் தெரியும். டீச்சரம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் இரண்டாவது முறை போகச் சொல்லவில்லை.

அவன் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறான். அண்ணி இரண்டு வீடு என்று சொல்லியிருக்கிறாள். அண்ணி சொன்னால் இரண்டு வீடுதான், ஒன்றே முக்கால் அல்ல. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு கொசு உட்கார்ந்திருந்தாள். முதல் குழாய் நிறைந்தது. எடுத்து, மெல்லத் தலைகீழாக்கி நிமிர்த்தி, ஓரமாக வைத்தாள். இரண்டாவதைச் செருகினாள்.

டீச்சரம்மா வகுப்பில் வரைபடத்தைக் காட்டுகிற குரலில் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். "கையை மாத்துறான்... நெத்தியைத் துடைக்கிறான்... பூட்டைப் பாத்து ஏதோ திட்டுறான்."

"திட்டட்டும் டீச்சர். நல்ல பூட்டுன்னா திட்டணும்."

சத்தம் நின்றது. அறுக்கிற சத்தத்தைவிட அந்த அமைதி மோசமாக இருந்தது. கொசுவின் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"பிளேடு மாத்துறான்," என்றார் டீச்சரம்மா. கர்ர் என்று மறுபடியும் தொடங்கியது. இரும்பு அறுபடுகிற சத்தத்தைக் கேட்டு ஒருத்திக்கு நிம்மதி வருமென்றால் அது கொசுவுக்கு அன்று வந்தது.

இரண்டாவது குழாயும் நிறைந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள். இப்போதாவது ஓடலாம். ஆனால் இந்த மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. விட்டுவிட்டுப் போனால் கை வீங்கிக் கறுத்துவிடும். அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஞ்சை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள், ரத்தம் நின்றது என்று தெரிந்த பிறகே பிளாஸ்திரி ஒட்டினாள். குழாய்களில் பெயரெழுதிப் பெட்டியில் வைத்தாள்.

அதற்கப்புறம் ஜன்னலுக்குப் போய், அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "டேய்!" என்று ஒரு கத்துக் கத்தினாள். தெருவில் இருந்த கதவுகள் எல்லாம் திறந்தன. கீழே இருந்தவன் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடியே போனான். டீச்சரம்மா கைதட்டப் போனார். "கையை அசைக்காதீங்க!" என்று அவருக்கும் ஒரு கத்து விழுந்தது.

கீழே போய்ப் பூட்டைக் குனிந்து பார்த்தாள். கம்பி முக்காலுக்கு மேல் அறுந்திருந்தது. இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுதுவிட்டுச் சாவியைப் போட்டாள். பூட்டு எப்போதும் போல ஒரே திருப்பில் திறந்தது. டீச்சரம்மாவின் ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் பூட்டை அண்ணியின் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அண்ணன் குதித்தான். "சத்தம் கேட்டும் போகலையா? அறுத்து முடிச்சிருந்தான்னா? வேலையே போயிருக்குமே, அறிவிருக்கா உனக்கு?"

"ஊசி உள்ள இருந்துச்சு அண்ணா."

அண்ணி பூட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அறுபட்ட இடத்தை விரலால் தடவினாள். பிறகு கொசுவின் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பி, அதையும் பூட்டைப் பார்த்தது போலவே வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தெருவைக் கணக்குல சேர்த்தேன், கம்பத்தைச் சேர்த்தேன்," என்றாள். "சத்தம் கேட்டா நீ ஓடி வந்துடுவேன்னும் ஒரு கணக்கு வெச்சிருந்தேன். அது தப்பு. உன்னை நான் சரியா எடை போடலை."

எத்தனையோ மூட்டைகளைக் கவிழ்த்துப் பார்த்தவள், தன் கணக்கு தப்பென்று சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அண்ணியும் கொசுவும் உடனே பூட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைக்காரர் பூட்டைக் கண்டு, நடந்ததையும் கேட்டுவிட்டு, பெற்ற பிள்ளை பரிசு வாங்கி வந்தது போலப் பூரித்தார். "பாத்தீங்களா? சொன்ன சொல்லைக் காப்பாத்திடுச்சே!"

"அதைவிடப் பெருசு காட்டுங்க," என்றாள் அண்ணி. "முதல்ல வெச்சீங்களே, பெட்டியோட. அது."

"எதுக்கும்மா வீண் செலவு? இதையே இன்னொண்ணு வாங்கிக்கோங்க. இவங்க மாடியிலேருந்து கொஞ்சம் சட்டுனு இறங்கி வந்தாங்கன்னா போதுமே."

"இவ இறங்கி வர மாட்டா." அண்ணி அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "சைக்கிளோட சேர்த்து வீட்டையே தூக்கிட்டுப் போனாலும், ஊசி வெளிய வந்து ரத்தம் நிக்கிற வரைக்கும் இவ எழுந்திருக்க மாட்டா. இவளை மாதிரி ஒருத்திக்கு எந்தப் பூட்டும் பத்தாது. இருந்தாலும் இருக்கிறதுலயே நல்லதைக் காட்டுங்க."

கொசு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தொங்கிய சாவிகளெல்லாம் கலங்கித் தெரிந்தன. வேலையில் கெட்டிக்காரி என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார், நோயாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் யாரும் மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் அல்லவே.

கடைக்காரர் பெட்டியைத் துடைத்து விலை சொன்னார். அண்ணி அதில் பாதியிலிருந்து ஆரம்பித்தாள்.